புலி நீங்கிய குகை

நமது மேடைகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. தாய்மையைப் பற்றி யார் பேசப் புகினும், பேச்சு கால் நாழிகை செல்லுமுன் புறநானூற்றுத் தாய் வந்துவிடுகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அவள், தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துப் போர்முகம் அனுப்புகிறாள், அவையோர் கைதட்டுகின்றனர், பேச்சாளர் மாலையை ஏற்றுக்கொண்டு வீடு செல்கிறார். இவ்வழக்கத்திற்கு நாமும் புறம்பானவர் அல்லேம். பாயான் லெப்பாசில் கூடிய ஒரு படிப்பு வட்டத்தில் நாமும் அவ்வாறே பேசினோம், கைதட்டும் பெற்றோம். கூட்டம் கலையும் வேளையில், தொழிற்சாலையில் முறைவேலை பார்த்து ஓய்ந்த அம்மையார் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, பிள்ளை போன அன்று இராத்திரி அந்தத் தாய் சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

விடை கூற நம்மிடம் யாதுமில்லை. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய ஆண்டு 1894 என்பதை அறிவோம். பாட்டின் எண் 279 என்பதையும் அறிவோம். அவள் உண்டாளா என்பதை அறியோம்.

அம்மையார் வேடிக்கைக்காகக் கேட்டவர் அல்லர். 2004 ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் தேசிய சேவைப் பயிற்சியைத் தொடங்கிற்று. பதினெட்டு வயதினருள் கணிப்பொறி குலுக்கி எடுத்த பெயர்கள், ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், மூன்று மாதம் முகாமுக்குச் சென்றன. கவாத்து, காட்டு நடை, துப்பாக்கி சுடும் பழக்கம், பல இனத்துப் பிள்ளைகளோடு ஒரே கொட்டகையில் உறக்கம். தக்க காரணமின்றிப் போகாதவர்க்கு 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. முதல் ஆண்டிலேயே அம்மையாரின் மகள் பெயர் வந்துவிட்டது. அதுவரை அப்பெண் ஓரிரவும் வெளியே தங்கியதில்லை. பேருந்து புறப்பட்டபோது அழக்கூடாதென்று உறவினர் ஒருவர் இவரைத் தடுத்தாராம். "வீரத்தாய் பரம்பரை நாம், அழலாமா?" என்று அவர் சொன்னாராம். அந்த உறவினருக்கு அச்சொல்லைக் கற்றுக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற மேடைக்காரர்களே. எனவே குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

வீடு திரும்பியதும் மாசாத்தியாரின் பாட்டை எடுத்து மெல்லப் படித்தோம். படிக்கப் படிக்க வெட்கமே மிகுந்தது. முதலாவது, அத்தாயைப் புகழ்ந்து பேசுபவள் அத்தாய் அல்லள். அயலில் நின்று பார்ப்பவள் ஒருத்தி. பேச்சு முழுவதும் பார்ப்பவளுடையது. தாய் சொல்வதெல்லாம் போ என்னும் ஒரு சொல்லே. முன்னொரு நாள் போரில் அவளுடைய தமையன் (தந்தை என்பாரும் உளர்) மாண்டான். நேற்று கணவன் மாண்டான். இன்று மீண்டும் பறை கேட்கிறது. அப்பறையொலி கேட்ட அவள் உள்ளத்தில் விருப்பத்தோடு மயக்கமும் சேர்ந்தே எழுந்ததாகப் புலவர் கூறுகிறார். மேடையிலே நாம் விருப்பத்தைச் சொல்கிறோம், மயக்கத்தை விழுங்கிவிடுகிறோம். இரண்டாவது, அவள் வேலை மட்டும் கொடுத்து நிற்கவில்லை. வெள்ளாடை உடுத்துகிறாள். மகனுடைய பறட்டைத் தலையில் எண்ணெய் தடவி நீவி விடுகிறாள். போருக்குப் போகிறவனுக்கு எண்ணெய் எதற்கு? எண்ணெய் பூசிய தலையை ஈட்டி அஞ்சுமா? அது தாயின் கைக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் சிறுவனுக்குச் செய்வதை அவள் அன்றும் ஒருமுறை செய்துகொண்டாள். இந்த இடத்தில் கண் கலங்காதவன் பாட்டைப் படித்தவன் ஆகான்.

ஆயினும் அம்மையாரின் வினா, மகன் வாயிற்படி தாண்டிய பின் வருவது. மாசாத்தியாரின் பாட்டு வாயிற்படியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னுள்ள வீட்டைக் காணக் காவற்பெண்டின் சிறு பாட்டிற்குச் செல்லவேண்டும். அது 86 ஆம் பாட்டு. ஒருத்தி வந்து குடிலின் தூணைப் பற்றிக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கிருக்கிறானோ அறியேன் என்கிறாள் தாய். பின்னர்த் தன் வயிற்றைப் புலி தங்கிய கற்குகைக்கு ஒப்பிட்டு, அவன் போர்க்களத்தில் காணப்படுவான் என்று முடிக்கிறாள். இதையும் நாம் பெருமிதப் பாட்டென்றே கொண்டாடி வருகிறோம். பெருமிதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அக்குகையில் புலி இல்லை, தங்கிவிட்டுப் போய்விட்டது. தாய் தன்னை ஒப்பிட்டுக்கொண்டது புலியோடு அன்று. புலி நீங்கிய வெறுங்கல்லோடு. புலியைப் பற்றி முழங்கிய நம் பேச்சாளர்களுள் அந்த வெறுமையைத் தொட்டவரை நாம் கேட்டதில்லை. மகன் எங்கே என்றால் தெரியாது என்னும் அந்த விடைதான், பிள்ளையை முகாமுக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மாதம் குடியிருப்பது.

பழம் புலவர் இவ்வளவு கண்டிருக்க, இந்நாட்டுத் தமிழ் எழுத்து என்ன கண்டது? 1943 ஆம் ஆண்டு சுபாஷ் சந்திர போசு சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத்து லயன்களிலிருந்து இளைஞர்கள் இந்தியத் தேசிய இராணுவத்திற்குத் திரண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டபோது, பால்மரக் காட்டுப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். சேர விழைந்த பெண் தந்தையின் கையொப்பத்தையோ, மணமானவளாயின் கணவனின் கையொப்பத்தையோ கொண்டுவர வேண்டியிருந்தது. அதே காலத்தில் சயாம் இரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். ஒரு மகன் தானே விரும்பிப் பட்டாளத்திற்கும், மற்றொருவன் வலிந்து இழுக்கப்பட்டு இரயில் பாதைக்கும் போன வீட்டில் மாலை விளக்கை ஏற்றிய கை எப்படி நடுங்கியிருக்கும்! படை நடந்த வழியைப் பற்றி நூல்கள் உள்ளன. சயாம் பாதையைப் பற்றி ஆர். சண்முகத்தின் நாவல் 1993 இல் வெளிவந்தது. அந்த விளக்கைப் பற்றி எழுத நாம் இன்னும் துணியவில்லை.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) நம் பினாங்கையே களமாகக் கொண்டது. இராணுவத்திலிருந்து மீண்ட செல்லையாவுக்கு, வட்டிக்கடை முதலாளி தன் மகளைக் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போனவன் பெட்டியடிக்கு ஆகான் என்பது அவர் கணக்கு. முகாம் ஒருவனுடைய நடையையும் பேச்சையும் மாற்றி அனுப்புகிறது என்பதைச் சிங்காரம் போல் கூர்மையாகக் கண்டவர் சிலரே. நாவலை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் அதன் கண் திரும்பி வந்தவன் மீதே பதிந்தது. பெண்ணைப் பெற்ற வீட்டின் வரவு செலவு நமக்குத் தெரிகிறது. பிள்ளையை அனுப்பிய வீட்டின் பேரேடு திறக்கப்படவே இல்லை.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். அங்கே தெக்கோங் தீவுக்குப் படகேறும் மகனோடு பெற்றோரும் செல்கின்றனர். அவன் படுக்கும் கட்டிலைப் பார்க்கின்றனர். முகாமின் சோற்றை அவனோடு உண்டுவிட்டுத் திரும்புகின்றனர். சோறு எப்படி இருந்தாலும், கட்டிலைக் கண்டுவந்த தாய் இரவில் கற்பனை செய்யவேண்டியது சற்றுக் குறைகிறது. நாம் கோரும் இலக்கியமும் இத்தகைய தொண்டையே செய்யவல்லது. நம் நாட்டிலே அத்திட்டம் 2018 இல் கைவிடப்பட்டு, 2025 சனவரியில் நாற்பத்தைந்து நாள் பயிற்சியாக மீண்டும் தொடங்கியிருக்கிறது. வாயிற்படியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் தாய்மாரும் தந்தைமாரும் இனியும் இருப்பர். தந்தைமாரைக் குறித்துச் சொன்னோம். அவர்கள் அழுவதைப் பற்றி எழுத நம்மவர்க்கு நாணம் இன்னும் மிகுதி.

அடுத்த கூட்டத்திற்குக் காவற்பெண்டின் பாட்டைக் கொண்டுசென்றோம். இம்முறை குரலை உயர்த்தவில்லை. பொருளை மட்டும் சொல்லி அமர்ந்தோம். கைதட்டு எழவில்லை. அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். மகள் போன முதல் வாரம் நால்வருக்கே அரிசி அளந்து போட்டதையும், பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் அவளுடைய வெள்ளைச் சட்டையையும் நீலப் பாவாடையையும் மீண்டும் துவைத்து மடித்ததையும் பிறகு சொன்னார்.

"பேருந்து நிறுத்தத்தில் பார்த்தவர்களெல்லாம் மகள் எங்கே, மகள் எங்கே என்று கேட்பார்கள், ஐயா. பகாங்கில் இருக்கிறாள் என்பேன். பகாங்கை நான் பார்த்ததே இல்லை" என்றார்.