ஜன்னலோரக் கீரை: வெளிச்சம்தான் கணக்கு

வாங்குகிற கீரை எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ, என்ன மருந்து அடித்தார்களோ என்ற பயம் நகரத்தில் பலருக்கும் இருக்கிறது. சென்னை அடுக்குமாடி வீடுகளின் கூடத்துக்கும் சமையலறை மேடைக்கும் கீரைத் தொட்டிகள் வந்ததில் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது. பால்கனியைத் துணிக்கொடியும் வாஷிங் மெஷினும் பிடித்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பது வீட்டின் உள்பக்கம்தான். அங்கேயே வளர்க்கலாம் என்று தொட்டி, விதை, விளக்கு எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். வளர்க்கலாம் என்பது உண்மை. எதை வளர்க்கலாம், எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

முதல் கேள்வி வெளிச்சம். உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் ஒளி விழுகிறது. வீட்டின் கூடத்தில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண் மங்கலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை. அதிலும் நாம் அதிகம் சமைக்கும் முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாமே அமராந்தஸ் இனத்தைச் சேர்ந்தவை. சோளமும் கரும்பும் எந்த முறையில் வெயிலை உணவாக்குகின்றனவோ, வலுவான வெயிலில் சிறக்கும் அதே சி4 முறைதான் இவற்றுக்கும். முழு வெயிலில் செழித்து 25 நாளில் கைக்கு வரும் முளைக்கீரை, கூடத்து மூலையில் வைத்தால் நூலாக நீண்டு சாய்ந்துவிடும். தண்ணீரும் மண்புழு உரமும் கூட்டிக் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. குறைவது ஒளியாக இருக்கும்போது அவற்றால் பயன் இல்லை. மண் ஊறி நாற்றழுகல் வருவதுதான் மிச்சம். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டிகளில் மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். விரலை விட்டுப் பார்க்காமல் தினமும் ஊற்றினால் நாற்றுகள் இரண்டே நாளில் அடித்தண்டு அழுகி விழும்.

விளக்கு வாங்கினால் தீராதா? ஓரளவு தீரும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி தட்டு ஒன்றுக்கு 40 வாட் எல்.இ.டி விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் 25 நாளில் 12 யூனிட் மின்சாரம் ஆகும். முளைக்கீரை நன்றாக விளைந்த வயலிலேயே எக்டேருக்கு ஏறத்தாழ 10 டன், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அந்தத் தட்டில் 400 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒரு வேளைக் கடைசலுக்கு அது போதும். தொட்டி, விளக்கு, உரம் வாங்கிய செலவை இதில் சேர்க்கவே இல்லை. பணம் மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்களை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

பாலக் ஆசைப்படுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் பாலக் என்ற பெயரில் பரவலாக விதைக்கப்படுவது பீட்ரூட்டின் நெருங்கிய உறவான ஒரு கீரை. அது நம் சூட்டை ஓரளவு தாங்கும். மேல்நாட்டு ஸ்பினாச் வேறு செடி. 30 டிகிரிக்கு மேல் அதன் விதை சரியாக முளைக்காது. பகல் நீண்டால் இலையை விட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். அதிக நேரம் விளக்கெரிந்தால் அதிக இலை என்று நினைத்து 16 மணி நேரம் எரிய விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை.

வீட்டில் வளர்ந்தது என்பதாலேயே ஒரு கீரை சுத்தமானதாகிவிடாது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மண்ணிலிருந்து எடுக்கும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற இலைக்கு ஒளி வேண்டும். மங்கலில் வளரும் இலையில் நைட்ரேட் தேங்கும். ஐரோப்பிய ஒன்றியம் லெட்யூஸ் கீரைக்கு நைட்ரேட் வரம்பு வைத்தபோது, வெயில் குறைந்த குளிர்காலத்தில் அறுப்பதற்கு அதிக அளவை அனுமதித்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே அறையில் வளர்ப்பவர்கள் தழைச்சத்து உரத்தை அளவோடு போட வேண்டும்; அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். பகல் ஒளியை வாங்கிய பிறகு மாலையில் பறிப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பறித்த உடனே சமைக்கும் கீரைக்கு ஈடு இல்லை. ஃபோலேட் சத்து வைக்க வைக்கக் குறையும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் எட்டு நாள் இருந்த ஸ்பினாச்சில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சியது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2004இல் காட்டியது. கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. இடத்துக்கேற்ற கீரையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமும் இல்லை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் கிழக்கு ஜன்னலில் வெந்தயக்கீரை வரும். விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. நான்கு அங்குல ஆழத் தட்டு போதும். இரண்டு மூன்று நாளில் முளைத்து, இளங்கீரையாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் பறிக்கலாம். செடி நீண்டு சாய்வதற்கு முன்பே அறுவடை முடிந்துவிடுகிறது. குறைந்த வெளிச்சத்தில் அது ஜெயிக்கும் காரணம் இதுதான். வாரம் ஒரு தட்டாக விதைத்தால் பருப்பிலும் சப்பாத்தி மாவிலும் கலக்கத் தொடர்ந்து கிடைக்கும். அரைக்கீரை மசியலுக்கு மட்டும் இந்த ஜன்னலை நம்ப முடியாது.

அரைக்கீரைக்கு வேண்டிய வெயில் மாடியில் கொட்டுகிறது. நூறு குடும்பங்கள் ஆளுக்கொரு விளக்கு வாங்கி அறைக்குள் செயற்கை வெயில் காய்ச்சிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே உண்மை வெயில் யாருக்கும் பயன்படாமல் போகிறது. நீர்க்கசிவு வரும் என்ற குடியிருப்புச் சங்கங்களின் அச்சம் நியாயமானது. ஆனால் தொட்டிகளைத் தளத்தில் நேரே வைக்காமல் தாங்கியின்மேல் வைத்து, வடிநீருக்குத் தட்டு கொடுத்தால் அந்த அச்சம் பெருமளவு தீரும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மாடிக் கதவின் சாவியைக் கீரை வளர்ப்பவர்களுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.