குளிருக்கு முந்தைய அரைமணி

கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயில் ஏறிவிட்டால் ஏசி மெக்கானிக்குத்தான் மவுசு. அவர் கைத்திறன் தெரிவதோ குளிர் வருவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்.

செம்புக் குழாயை வெட்டி, பிசிறு நீக்கி, ஃப்ளேர் நட்டை முதலில் கோத்துக்கொள்கிறார் (மறந்தால் திரும்ப வெட்ட வேண்டியதுதான்). பிறகு குழாயின் வாயை ஊமத்தம்பூப் போல விரிக்கிறார். விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் கேஸ் கசியும். அடுத்தது வேக்குவம் பம்ப். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, குழாயில் ஒட்டிய ஈரம் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. கல்வராயன் மலையில் 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிப்பதும் இதே விதியால்தான்.

அவசரக்காரர்கள் பம்பை விட்டுவிட்டு, கேஸைத் திறந்தே காற்றைத் துரத்துவார்கள். அதை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏசி கேஸான ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு வேறு.

ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் வேலை 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். ஆனால் பம்பை நிறுத்திய பிறகும் மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்கும் பழக்கம், மூத்த மெக்கானிக் ஒருவருக்குக் கையாளாகப் போனால்தான் படிகிறது. உங்கள் வீட்டுக்கு ஏசி மாட்ட வருபவரிடம் பம்ப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; காபி அப்புறம் கொடுக்கலாம்.