அரங்கும் நாடக நடையும்

தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் பலர், பாட்டு மிகுந்த நாடகத்தைத் தொடக்க நிலை என்றும் உரைநடை நாடகத்தை வளர்ச்சி நிலை என்றும் வகுப்பர். சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) முன்னதற்கும், பம்மல் சம்பந்த முதலியாரைப் (1873–1964) பின்னதற்கும் உரியராக்குவர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர் என்பதொன்றே இப்பகுப்பினை ஐயுறப் போதும். வேறுபாட்டிற்குக் காலத்தினும் இடமே, அஃதாவது நாடகம் நிகழ்ந்த அரங்கே, பெரிதும் காரணம் என்பது நம் கருத்து.

அரங்கினை நூலோடு சேர்த்து எண்ணுதல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் அரங்கிற்கு வகுக்கின்றது. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கிடல் வேண்டும் என்பதனையும் கூற மறக்கவில்லை. இக்கால நாடக ஆராய்ச்சியோ அச்சிட்ட படியை மட்டும் கையிற் கொண்டு அமைகின்றது.

சென்னை விக்டோரியா பொது மண்டபம் 1888-இல் தொடங்கி 1890-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதற்கடுத்த ஆண்டே சம்பந்தனார் சுகுண விலாச சபையை நிறுவினார். சபையின் நாடகங்கள் பல அம்மண்டபத்திலேயே நடந்தன. நடித்தோர் நாடகத்தால் வயிறு வளர்ப்பவரல்லர்; கற்றுப் பிற தொழில் புரிந்தோர். இசைப்பயிற்சி அனைவர்க்கும் இருந்திருத்தல் இயலாது. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், சுவர் சூழ்ந்த மண்டபமே பேச்சுக் குரலைச் சிதறாமற் காத்தது. சம்பந்தனார் பாட்டை அறவே விலக்கினாரல்லர். எனினும் அவர் நாடகங்களிற் கதையை நடத்திச் செல்வது உரையாடலே. ‘ஹாம்லெத்’தை அவர் ‘அமலாதித்யன்’ எனத் தமிழாக்கியதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். தன்னோடு தானே வாதிடும் ஒருவனது தனிமொழி, திறந்த கொட்டகையின் ஆரவாரத்தில் எவர் செவிக்கு எட்டும்?

ஆங்கிலக் கல்வியே உரைநடை நாடகத்திற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அதனை நாம் மறுத்திலம். கல்வி விருப்பத்தை விளைக்கும். அவ்விருப்பம் கால்கொள்ள ஓர் இடம் வேண்டுமன்றோ?

சுவாமிகளின் உலகம் வேறு. ஊர்தோறும் கீற்றுக் கொட்டகை. பின்வரிசையில் அமர்ந்தானும் கேட்டாக வேண்டும். பேச்சு எட்டாத இடத்திற்கு நீட்டிப் பாடிய சொல் எட்டும். எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலை அக்காலத்தார் அத்துணை போற்றியதற்கு இசைச்சுவை ஒன்றே காரணமாகாது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிற் சேர்ந்த தி. க. சண்முகம், தமக்கென ‘அபிமன்யு சுந்தரி’யைச் சுவாமிகள் ஓர் இரவிலேயே எழுதி முடித்ததை நினைவுகூர்ந்துள்ளார். சிறுவன் ஒருவனது குரலை முன்வைத்துப் பிறந்த நாடகம் அது. அதனை ஏட்டில் மட்டும் படித்து, பாட்டு மிகையென்று குறை கூறுவது முறையன்று; நாடகத்தைப் பாடத்திட்டத்திற் சேர்க்கும் நம் துறைகளும் இக்குறையினின்று நீங்கியவையல்ல.

மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகம் இதற்குத் தெளிவான சான்று. வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் வெவ்வேறு ஊரினர். முன்கூட்டி ஒத்திகை பாராமல் அன்றிரவு மேடையிலேயே கூடுவர். ‘வள்ளி திருமண’ப் பாடல்கள் இருவர்க்கும் பொது, அவையோர்க்கும் பொது. ஆதலின் தர்க்கத்தில் ஒருவர் எத்துணைத் தொலைவு விலகிச் சென்றாலும், அடுத்த பாட்டு அவரைக் கதைக்குள் மீட்டுவிடும். ஒரு சொல் பிறழினும் எதிரில் இருப்போர் அறிவர். கூத்தும் அவையும் நேருக்குநேர் நிற்கும் இவ்வின்பம் திரைப்படத்தில் இல்லை.

விக்டோரியா மண்டபம் பல்லாண்டு பூட்டிக் கிடந்தபின் சீரமைக்கப்பெற்றது. அதன் செங்கல்லையும் கோபுரத்தையும் பேசுவோர் பலர். மேடையில் நின்று ஒருவன் இயல்பாகப் பேசினால் அக்குரல் எந்த வரிசை வரை சென்றது என அளந்து, ‘மனோகர’னின் உரையாடலோடு வைத்து ஆராய்வது தமிழ் மாணவர்க்குரிய பணி. ஸ்பெஷல் நாடக மேடைக்கு ஒலிபெருக்கி வந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் நடிகர்கள் அந்த உயர்ந்த சுருதியிலேயே பாடி வருகின்றனர்.