45 மீட்டரா, 13 மீட்டரா?

உயரத்திலிருந்து விழும் கல் 3 விநாடியில் எவ்வளவு தொலைவு செல்லும்? ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் 0.5 × 10 × 3² = 45 மீட்டர். இலுப்பூர்ப் பள்ளி மாணவரும் மனக்கணக்காகச் சொல்லிவிடும் விடை இது. இதையே 0.5*10*3^2 என எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘ஈவல்’ என்னும் கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். 13 என்று விடை வரும்!

காரணம் யாது? அம்மொழியில் ^ என்பது அடுக்குக்குறி அன்று. இரண்டு எண்களை இரும முறையில் எழுதி, இலக்கங்கள் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 இடுவதே அதன் வேலை. பெருக்கல் முடிந்த பிறகே அது செயற்படும். எனவே முதலில் 15 கிடைக்கிறது. பிறகு 1111, 0010 ஆகியவற்றை ஒப்பிட 1101, அதாவது 13. பிழைச்செய்தி எதுவும் வராது. மாணவர் அதை நம்பிவிடுவார் என்பதே நம் கவலை.

வலைப்பக்கத்தில் கணிப்பான் அமைப்போர் பலர் ஈவலை நாடுகின்றனர். ஒரே வரியில் வேலை முடிகிறதல்லவா? நாமே எழுதிய வாய்பாட்டுக்கு அதனால் தீங்கில்லை. பிறர் எழுதும் வாய்பாட்டுக்கு அது ஏற்றதன்று. கணக்கா, வேறு கட்டளையா என்று ஈவல் பார்ப்பதில்லை. வந்ததை நிரலாக இயக்கிவிடும். தீயவர் அனுப்பியதை ஒருவர் அறியாமல் ஒட்டினால், அப்பக்கத்திலுள்ள அவருடைய விவரங்கள் களவு போகலாம்.

நல்ல வழி ஒன்று உண்டு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் வெளியிட்ட முறை அது. ரயில் பெட்டிகளை ஷண்டிங் செய்வது போன்றது. 5+3×2 என்பதில் எண்கள் நேரே செல்லும். குறிகள் பக்கத் தடத்தில் காத்திருக்கும். × உயர்ந்த குறியாதலால் + அதற்கு வழிவிடும். முடிவில் 5 3 2 × + என்ற வரிசை கிடைக்கும். முதலில் 3×2=6, அடுத்து 5+6=11.

இம்முறையில் ^ எதைக் குறிக்க வேண்டும் என்பதை நாமே வகுக்கலாம். தெரியாத சொல் வந்தால் மறுக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக ஏற்காத ‘௩’ என்னும் தமிழ் இலக்கத்தையும் ஏற்கச் செய்யலாம். நிரல் சற்று நீளும். ஆனால் கல் 45 மீட்டரே விழும்.