ஜாமீன் கையெழுத்து: சட்டம் தந்ததும் படிவம் பறித்ததும்

பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்பவரின் பொறுப்பை எடைபோட இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம். மற்றது, வங்கி நீட்டும் அச்சிட்ட உத்தரவாதப் பத்திரம். முன்னது கட்டுக்கோப்பான படைப்பு. பின்னது அந்தக் கட்டுக்கோப்பைக் குலைப்பதற்கென்றே எழுதப்பட்டது.

சட்டத்தின் மீது வழக்கமாக வைக்கப்படும் குறை, 128ஆம் பிரிவின் கடுமை. கடன்தாரரின் பொறுப்பு எவ்வளவோ, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. வாங்கியவரிடம் முதலில் வசூலித்துப் பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று கீழமை நீதிமன்றம் விதித்த நிபந்தனையை, பீகார் வங்கி - தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இது குறை என்று நான் கருதவில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பணம் கைமாறியது. வாங்கியவரைத் துரத்தி ஓய்ந்த பின்னரே பயன்படும் என்றால், ஜாமீன் வாங்குவதற்கே பொருளில்லை.

இந்தக் கடுமைக்கு ஈடாக அதே அத்தியாயம் சில காப்புகளை வைத்திருக்கிறது. அதன் சாதனை இங்கேதான். ஜாமீன்தாரரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்ல (133). அடமானச் சொத்தை வங்கி கைநழுவ விட்டால், அதன் மதிப்பளவுக்கு அவர் விடுபடுகிறார் (141). தொடர் உத்தரவாதத்தை, இனி வரும் கடன்களைப் பொறுத்தவரை, அறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் (130). கட்டிய பணத்தைக் கடன்தாரரிடம் திரும்பக் கேட்கலாம் (145). சுமைக்கு ஏற்ற உரிமை என்பதே இந்த வடிவமைப்பின் தர்க்கம்.

படிவம் அந்தத் தர்க்கத்தை வெட்டுகிறது. 133, 141 முதலிய பிரிவுகள் தரும் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகப் பொடி எழுத்தில் ஒரு பத்தி. அதன் கீழே கையெழுத்து. இதற்கு நீதிமன்றங்களும் பெரும்பாலும் இடம் கொடுத்துவிட்டன. சீதாராம் குப்தா - பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் (2008), ஒப்பந்தம் தடுப்பதால் 130ஆம் பிரிவின் உரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஒப்பந்தச் சுதந்திரம் என்ற கொள்கை மதிப்புடையதுதான். ஆனால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாத படிவத்தில் அந்தச் சுதந்திரம் ஒரு தரப்புக்கு மட்டுமே இருக்கிறது.

இணைக் கடன்தாரரின் நிலை இன்னும் மோசம். பிள்ளையின் கல்விக் கடனில் அப்பா கையெழுத்திடுகிறார். நடைமுறையில் அவர் ஜாமீன்தாரர், தாளில் கடன்தாரர். இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்ற பிறகு, அவர்களில் ஒருவர் ஜாமீன் மட்டுமே என்ற உள் ஏற்பாடு கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது 132ஆம் பிரிவு. அந்த ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருந்தாலும் கூட. அத்தியாயத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே. மற்றப் பிரிவுகளில் உண்மை உறவைத் தேடும் சட்டம், இங்கே தாளின் தோற்றத்தோடு நின்றுவிடுகிறது.

மாற்று வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, நுகர்வோர் கடனில் உடன் கையெழுத்திடுபவரிடம், முழுத் தொகையும் அவரிடமே கேட்கப்படலாம் என்ற எச்சரிக்கையை முன்கூட்டியே தர வேண்டும். இங்கிலாந்தில் எட்ரிட்ஜ் வழக்கு (2001), கணவரின் கடனுக்கு ஜாமீன் நிற்கும் மனைவிக்கு ஆபத்தை விளக்கியதாக வழக்கறிஞரின் உறுதியைப் பெறும்படி வங்கிகளிடம் எதிர்பார்த்தது. முன்னது வெறும் அறிவிப்பு; கையில் வாங்கியும் படிக்காமல் போகலாம். பின்னது செலவு கூடியது, ஆனால் அறிந்து சம்மதித்ததற்குச் சான்று தருவது. அளவுகோலாக நான் பின்னதையே ஏற்பேன்.

128ஆம் பிரிவு அப்படியே நிற்கட்டும். 133, 141 ஆகியவற்றின் காப்புகளைத் தனிமனித ஜாமீன்தாரர் எந்த அச்சுப் படிவத்தாலும் இழக்க முடியாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். 132ஆம் பிரிவில், உண்மை நிலையை அறிந்தே கடன் கொடுத்தவருக்குத் தரப்பட்ட சலுகையும் நீங்க வேண்டும்.