டிகிரி யாருக்கு?

சென்னையிலிருந்து காரில் தஞ்சாவூர் போகிறீர்களா? வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகள். பித்தளை டபராவும் டம்ளரும் பளபளக்கும். காபி சுமார்தான்.

'டிகிரி' என்ற பெயர் லாக்டோமீட்டரிலிருந்து வந்தது என்பார்கள். தண்ணீர் கலந்த பாலில் அது ஆழமாக அமிழ்ந்து காட்டிக்கொடுக்கும். ஆனால், ஏட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். அப்புறம் அளவாகத் தண்ணீர் ஊற்றினால் மீட்டர் ஏமாந்துபோய் 'நல்ல பால்' என்று சொல்லிவிடும்!

பெயரை நம்பமுடியாத அவஸ்தை ஸ்காட்லாந்திலும் உண்டு. அங்கே செம்பழுப்பு நிற 'ஏல்' பீருக்கு 60, 70, 80 ஷில்லிங் என்று பெயர். எல்லாம் 19-ம் நூற்றாண்டு பீப்பாய் விலை. 1971-ல் ஷில்லிங் போய்விட்டது, பெயர் போகவில்லை. அதனால் பீர் ரசிகர்கள் பெயரை விட்டுவிட்டு நிறம், நுரை, மணம், வாயில் கனம், விழுங்கியபின் தங்கும் ருசி என்று வரிசையாகப் பார்த்து மார்க் போடுகிறார்கள்.

காபிக்கும் அதையே செய்யுங்களேன். சர்க்கரை இல்லாமல் வாங்கி, முதலில் முகருங்கள். நிறம் கறுத்து, மணம் இல்லாமல் கசப்பு மட்டும் முந்தினால் சிக்கரி ஜாஸ்தி. வாயில் வழவழப்பே இல்லையா? ஏடு எங்கோ போய்விட்டது. விழுங்கியபின் இதமான கசப்பு கொஞ்சநேரம் தொண்டையில் நின்றால் தாராளமாகப் பாஸ் போடலாம்.

நல்ல பாலுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் கடைக்காரருக்கும், போர்டு எழுதிய பெயின்டருக்கு மட்டும் கொடுத்தவருக்கும் ஒரே டிகிரி என்பதுதான் வருத்தம். அதை நீங்கள்தான் திருத்தவேண்டும், அடுத்த டம்ளரில்.