மூன்று வாக்குறுதிகள், ஒரே மூச்சு

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் என்ற துறவியின் அதிஷ்டானம் (சமாதி) இருக்கிறது. மூச்சு அடங்கினால் மனம் அடங்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய சேதி அல்ல. வாசி யோகம் என்ற மூச்சுப் பயிற்சியைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சீனத்துச் சீகோங்கை விளக்குவது எளிது. மெதுவான அசைவு, ஆழ்ந்த மூச்சு, சிதறாத கவனம். இவற்றால் 'சீ' என்னும் உயிராற்றல் உடலில் தடையின்றி ஓடும் என்கிறது அந்த மரபு. "நம்ம பிராணாயாமம்தானே" என்று சேர்ந்துவிடுகிறவர், கூடவே வரும் மற்ற வாக்குறுதிகளையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடல்நலம், தற்காப்பு, ஆன்ம வளர்ச்சி என்ற மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

உடல்நலத்தில் சான்று உண்டு. சீகோங்கின் நெருங்கிய உறவான தாய் சியை பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. ஆறு மாதம் தாய் சி பயின்றவர்களின் உடல் சமநிலை மேம்பட்டது. தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே கீழே விழுந்தார்கள். 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், முழங்கால் தேய்மான வலிக்குத் தாய் சி பிசியோதெரபிக்கு இணையாகப் பயன் தந்தது. கருவி வேண்டாம், செலவு குறைவு, வயதானவர்களும் செய்யலாம். ஆனால் இந்த ஆய்வுகள் அளந்தவை வலியும் நடையும் சமநிலையுமே. 'சீ' ஓடியதா என்பதை அவை அளக்கவில்லை. முழங்காலுக்குக் கிடைத்த சான்றைச் சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் நீட்டுவது மோசடிக்கு வழிவிடும்.

தற்காப்பில் சீகோங் தடுமாறுகிறது. 2017இல் சீனாவின் செங்டு நகரில் சூ சியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரரிடம் ஒரு தாய் சி ஆசான் அரை நிமிடத்துக்குள் தோற்றார். ஒரு மோதலை வைத்து முழு மரபையும் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் காரணம் வெளிப்படையானது. சிலம்பத்தில் எதிரே ஒருவர் கம்போடு நிற்கிறார். சீகோங்கில் எதிராளியே இல்லை. அடி வாங்கிப் பழகாத உடம்பு, அடி விழும்போது திகைக்கும்.

இந்த இடத்தில் நம்மவர்கள், தமிழ்நாட்டிலிருந்து சீனம் சென்றதாகச் சொல்லப்படும் பௌத்தத் துறவி போதிதர்மரை இழுத்து வருவார்கள். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பின் அது வழக்கமாகிவிட்டது. சீனத்து ஷாவ்லின் மடத்தின் பயிற்சிகளுக்கு மூலமாகக் காட்டப்படும் 'யீ ஜின் ஜிங்' நூலை அவர் பெயரில் ஏற்றிச் சொன்னாலும், அது 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பதே வரலாற்றாய்வாளர்களின் முடிவு. அவர் வாழ்ந்ததோ அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னால். தமிழ்ப் பெருமை ஒரு பயிற்சியின் பயனுக்குச் சான்றாகாது.

ஆன்ம வளர்ச்சி என்ற மூன்றாவது வாக்குறுதிதான் கத்தி மேல் நடக்கும் விஷயம். அமைதி கிடைப்பது உண்மை. அந்த அமைதிக்கு யார் உரிமை கொண்டாடுகிறார் என்பதே கேள்வி. 1950களில் சீனாவில் லியூ குயிசென் என்பவர் சீகோங்கை நலவாழ்வு இல்லச் சிகிச்சையாக, மாயமந்திரம் நீக்கி அமைக்க முயன்றார். 1980களில் அது மீண்டும் ஆசான்களின் அற்புதக் கதைகளாகி, அரங்கம் நிறையக் கூட்டம் சேர்த்தது. 1992இல் அந்த அலையில் எழுந்த ஃபலுன் கோங் இயக்கத்தைச் சீன அரசு 1999இல் தடைசெய்து கடுமையாக ஒடுக்கியது. குருவின் அதிகாரம் எவ்வளவு பெரிதானதோ, அதைக் கண்ட அரசின் அச்சமும் அவ்வளவு பெரிதாயிற்று. பயிற்சியிலும் ஆபத்து உண்டு. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, சீகோங்கில் அளவுமீறி ஈடுபட்டவர்களுக்கு வரக்கூடிய மனப்பிறழ்வைத் தனியாகக் குறிப்பிட்டது. சீன மரபும் இதை முன்பே அறிந்து எச்சரித்திருக்கிறது.

ஆகவே அரிமளத்தில் ஒருவர் இதைக் கற்க விரும்பினால், மூட்டுக்கும் மூச்சுக்கும் மன அமைதிக்கும் தாராளமாகக் கற்கட்டும். சண்டைக்குச் சிலம்ப வாத்தியாரிடம் போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடமும், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியரிடமும் மறுநாள் போக வேண்டாம்.